பறவை முக மனிதர்கள்!

குழந்தைகளே, கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஆசிரியராக இருந்தபோது மாணவர்களை அங்கே சுற்றுலா அழைத்துப் போனேன். பாதி வளைவு தாண்டுவதற்குள் பாதிப் பேருக்கு வாந்தி. அது கிடக்கட்டும்.

ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் வழியில், ஒரு மாணவன் ஆணியால் பாறையில் பெயரைக் கீறிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா இது?" என்றேன்.

"நான் வந்து போனதுக்கு அடையாளம் சார்!"

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. பாறையில் அடையாளம் விட்டுப்போகும் ஆசை மனிதனுக்குப் பல ஆயிரம் ஆண்டுகளாகவே உண்டு. எல்லாரையும் அங்கேயே உட்கார வைத்துக் கீழ்வாலை பற்றிச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஊர் கீழ்வாலை. அங்கே பாறையில் செந்நிற ஓவியங்கள் இருக்கின்றன. 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழைமையானவை. ஒருவர் விலங்கின் மேல் அமர்ந்திருக்கிறார். இன்னொருவர் அதை இழுத்துச் செல்கிறார். படகில் போகிறவர்களும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், இவர்களுக்குப் பறவை போல மூக்கு நீண்ட முகம்! முகமூடி போட்டிருந்தார்களோ என்னவோ!

நம் சட்டைச் சாயம் நாலு வெயிலில் வெளுத்துவிடுகிறதே, இது எப்படி நிலைத்தது? அந்தச் சிவப்பு, காவிக்கல்லின் நிறம். காவிக்கல்லில் இருப்பது இரும்புத் துரு போன்ற பொருள். அது வெயிலுக்கு எளிதில் வெளுக்காது. கல்லைப் பொடித்துக் குழைத்துப் பூசினார்கள். குடை போல நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக்கு அடியில் வரைந்தால், மழையும் நேராகப் படாது.

மத்தியப் பிரதேசத்தில் பீம்பேட்கா என்ற இடத்தில் இப்படி நூற்றுக்கணக்கான ஓவியப் பாறைகள் உள்ளன. 1957-ல் வாகன்கர் என்ற ஆய்வாளர் ரயிலில் போகும்போது அந்தப் பாறைகளைக் கவனித்து, பிறகு தேடிப்போய்க் கண்டுபிடித்தார். 2003-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது.

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் உள்ள கரிக்கையூர் ஓவியங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வெயிலும் மழையும் விட்டுவைத்த ஓவியங்களின் மேலேயே, பார்க்க வந்தவர்கள் பெயரைக் கிறுக்கிவிட்டார்கள். பல ஓவியங்கள் பாழாகிவிட்டன.

"தண்ணி ஊத்திக் கழுவலாமே சார்?" என்றாள் ஒரு மாணவி. கழுவினால் கிறுக்கலோடு ஓவியமும் போய்விடும். சும்மா நனைத்தாலே, கல்லில் உள்ள உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் படியும். கையால் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும்.

ஆணிக்காரன் தன் பாறையைப் பார்த்தான். "இது போகுமா சார்?"

"போகாது" என்றேன்.

இரண்டு எழுத்தோடு நிறுத்திவிட்டான்.