பெயர்களைத் தேடும் நாடு: ரஷ்யாவின் அரசியல் ஒடுக்குமுறையும் நினைவுகூரலும்

அரசியல் காரணங்களுக்காகத் தன் குடிமக்களைக் கொன்ற ஓர் அரசு, அவர்கள் இறந்த நாளையும் புதைக்கப்பட்ட இடத்தையும் குடும்பத்தாரிடமிருந்தே மறைத்துவிடுமானால், பின்வரும் தலைமுறைகளுக்கு நினைவுகூரல் என்பது துக்கம் அனுசரிப்பதோடு முடிந்துவிடுவதில்லை. ஆவணக் காப்பகங்களில் தேடுவதும், காடுகளில் புதைகுழிகளைக் கண்டறிவதும், ஒவ்வொரு பெயருக்கும் உரிய தேதியையும் இடத்தையும் மீட்பதும் அதன் பகுதிகளாகிவிடுகின்றன. ஸ்டாலின் காலத்து ஒடுக்குமுறைக்குப் பலியானோரை நினைவுகூர ரஷ்யச் சமூகம் மேற்கொண்ட முயற்சிகள் அத்தகைய தேடலின் வரலாறாகவே அமைந்துள்ளன.

அந்த ஒடுக்குமுறையின் உச்சம் 'பெரும் பயங்கரம்' என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் 1937, 1938 ஆகிய இரண்டு ஆண்டுகளாகும். 1937 ஜூலை 30 அன்று, அரசின் ரகசியக் காவல்துறையாகவும் இயங்கிய என்.கே.வி.டி. என்னும் உள்துறை மக்கள் ஆணையத்தின் தலைவர் நிக்கொலாய் யெஷோவ், 00447 என்னும் எண்ணுடைய ஆணையில் கையெழுத்திட்டார். முன்னாளில் வசதியுள்ள விவசாயிகளாக இருந்து நாடு கடத்தப்பட்டுத் திரும்பியவர்கள், பாதிரியார்கள், பழைய கட்சிகளைச் சேர்ந்தவர்கள் எனப் பலதரப்பட்டோரையும் 'சோவியத் எதிர்ப்பு சக்திகள்' என்று வகைப்படுத்திய அந்த ஆணை, எந்த மாகாணத்தில் எத்தனை பேரைச் சுட வேண்டும், எத்தனை பேரை முகாமுக்கு அனுப்ப வேண்டும் என்று முன்கூட்டியே ஒதுக்கீடு செய்திருந்தது. சுடப்பட வேண்டியோர் ஏறத்தாழ 76 ஆயிரம் பேர் எனத் தொடங்கிய அந்த எண்ணிக்கையை உயர்த்தித் தருமாறு மாகாண அதிகாரிகளே மாஸ்கோவிடம் கேட்டுப் பெற்றனர். தீர்ப்பளித்தவை நீதிமன்றங்கள் அல்ல. உள்ளூர் என்.கே.வி.டி. தலைவர், கட்சிச் செயலாளர், அரசு வழக்கறிஞர் ஆகிய மூவர் அடங்கிய 'த்ரோய்கா' என்னும் குழு, குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காமலும், அவர் தரப்பில் வாதாட எவரையும் அனுமதிக்காமலும், மேல்முறையீட்டுக்கு இடமின்றியும் ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கானோரின் முடிவை எழுதியது. அந்த இரண்டு ஆண்டுகளில் மட்டும் 6,81,692 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதாக அரசின் உட்கணக்கே பதிவு செய்துள்ளது. இவர்களைத் தவிர, குலாக் எனப்பட்ட கட்டாய உழைப்பு முகாம்களின் வலையமைப்பில் 1930 முதல் 1953 வரை ஏறத்தாழ 1.8 கோடிப் பேர் அடைபட்டிருந்தனர்.

கொலைக்கு நிகரான கொடுமையாக அதை மறைத்த விதத்தையும் கருத வேண்டும். சுடப்பட்டவரின் உறவினர்களிடம், அவருக்குக் 'கடிதப் போக்குவரத்து உரிமையின்றிப் பத்தாண்டுச் சிறை' விதிக்கப்பட்டுள்ளது என்று மட்டுமே கூறப்பட்டதால், மனைவியரும் தாய்மாரும் ஏற்கெனவே இறந்துவிட்டவருக்காகப் பத்தாண்டுகளும் அதற்கு மேலும் காத்திருந்தனர். ஸ்டாலின் 1953இல் மறைந்த பின்னரும் அந்தப் பொய் கைவிடப்படவில்லை. என்.கே.வி.டி.யின் வழிவந்த கே.ஜி.பி. 1955இல் பிறப்பித்த ரகசிய உத்தரவின்படி, விசாரித்து வந்த குடும்பங்களுக்கு, சுடப்பட்டவர் முகாமில் நோயுற்று இறந்தார் என்னும் பொய்க் காரணமும், கைதான நாளிலிருந்து பத்தாண்டுகளுக்குள் அமையுமாறு புனையப்பட்ட இறந்த தேதியும் தரப்பட்டன. உண்மையான தேதியும் காரணமும் 1980களின் இறுதியில்தான் பொதுவாக வழங்கப்படலாயின. பலியானோருள் இந்தியரும் உண்டு. சரோஜினி நாயுடுவின் தம்பியும், ஐரோப்பாவில் இந்திய விடுதலைக்காகப் பாடுபட்டுப் பின்னர் லெனின்கிராடில் ஆய்வாளராகப் பணியாற்றியவருமான வீரேந்திரநாத் சட்டோபாத்யாய 1937 ஜூலையில் கைதாகி, அதே ஆண்டு செப்டம்பர் 2 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்.

1956 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் கட்சியின் இருபதாவது மாநாட்டில் அதன் தலைவர் குருஷ்சேவ் ஆற்றிய ரகசிய உரை ஸ்டாலினின் குற்றங்களைப் பேசியதெனினும், பெரிதும் கட்சிக்காரர்களின் துன்பத்தையே பேசியது. கொல்லப்பட்ட எண்ணற்ற விவசாயிகளையும் தொழிலாளர்களையும் பாதிரியார்களையும் அது ஏறக்குறைய விட்டுவிட்டது. அவருக்குப் பின் தலைமைக்கு வந்த பிரெஷ்னேவின் காலத்தில் அந்தப் பேச்சும் அடங்கியது. ஆயினும் 1974இல் மொர்தோவியா, பெர்ம் பகுதி முகாம்களில் இருந்த கைதிகளே அக்டோபர் 30ஐ அரசியல் கைதிகள் நாளாக அறிவித்து உண்ணாவிரதம் இருந்தனர். 1991இல் ரஷ்ய நாடாளுமன்றம் அதே நாளை அரசியல் ஒடுக்குமுறைக்குப் பலியானோர் நினைவு நாளாக ஏற்றது. நினைவு நாள் மேலிருந்து வழங்கப்பட்டதன்று, சிறைக்குள்ளிருந்து வந்தது என்பது மறக்கத்தகாதது. இதற்கிடையே 1989இல் அறிவியலாளர் ஆந்திரேய் சகாரவைத் தலைவராகக் கொண்டு உருவான 'மெமோரியல்' அமைப்பு, முகாம் முறையின் தொடக்க இடமான வெண்கடல் தீவுக்கூட்டமான சொலோவ்கியிலிருந்து ஒரு பாறையைக் கொண்டுவந்து, 1990 அக்டோபர் 30 அன்று மாஸ்கோவில் கே.ஜி.பி. தலைமையகம் இருந்த லூபியான்கா சதுக்கத்தில் நிறுவியது. பின்னாளில் அதன் தரவுத்தளத்தில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் சேர்ந்தன.

புதைகுழிகளைக் கண்டறிந்த பணியில் சந்தர்மோஹ் என்னும் இடம் தனித்து நிற்கிறது. 1937 இலையுதிர் காலத்தில் சொலோவ்கியிலிருந்து கப்பலில் அழைத்துச் செல்லப்பட்ட 1,111 கைதிகள் எங்கே மறைந்தனர் என்பது அறுபது ஆண்டுகள் புதிராகவே இருந்தது. அவர்களைத் தன் கையால் சுட்ட அதிகாரி மத்வேயெவ் பின்னர் வேறொரு வழக்கில் அளித்த வாக்குமூலத்தைத் துப்பாகக் கொண்டு, மெமோரியல் ஆய்வாளர்களான யூரி திமித்ரியேவ், வெனியமின் யோஃபே, இரினா ஃப்ளிகே ஆகிய மூவரும் 1997 ஜூலை 1 அன்று கரேலியாவின் பைன் காட்டில் அந்தக் குழிகளைக் கண்டனர். உக்ரைனிய நாடக இயக்குநர் லெஸ் குர்பாஸ் உள்ளிட்டோர் கிடந்த அந்த மண்ணில் உக்ரைனியர், போலந்தியர், ஜார்ஜியர், ஃபின்னியர் எனப் பல இனத்தாரும் தத்தம் நினைவுச்சின்னங்களை எழுப்பினர். மாஸ்கோவுக்கு அருகிலுள்ள பூத்தவோ சுடுகளத்திலோ, கொல்லப்பட்ட 20,762 பேரின் பெயர்களும் அவர்கள் சுடப்பட்ட தேதி வாரியாகக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.

பெயரைப் பொதுவெளியில் ஒலிக்கச் செய்வதும் பொறிப்பதும் இந்த நினைவுகூரலின் நெஞ்சமாக அமைந்ததற்கு, மறைக்கப்பட்டது பெயரும் முடிவுமே என்பதுதான் காரணம். 2007 முதல் ஒவ்வோர் அக்டோபர் 29 அன்றும் லூபியான்காவின் பாறையருகே மக்கள் வரிசையில் நின்று, பலியான ஒருவரின் பெயர், வயது, தொழில், சுடப்பட்ட நாள் ஆகியவற்றைக் காலை பத்து முதல் இரவு பத்து வரை மாறி மாறி வாசித்தனர். பெயர்கள் தீருவதற்குள் நாள் தீர்ந்துவிட்டது. 2014இல் பத்திரிகையாளர் செர்கேய் பர்ஹொமென்கோ தொடங்கிய 'கடைசி முகவரி' இயக்கம், கைதானவர் இறுதியாக வாழ்ந்த வீட்டுச் சுவரில் உள்ளங்கையகல உலோகப் பலகை ஒன்றைப் பதித்தது. அதில் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சதுர வெற்றிடம் மட்டுமே உண்டு.

அரசும் நினைவுகூர மறுக்கவில்லை. 2017 அக்டோபர் 30 அன்று 'துயரச் சுவர்' என்னும் பெரிய நினைவுச்சின்னத்தை அதிபர் புதினே திறந்து வைத்தார். ஆனால் முகமற்ற உருவங்களால் ஆன அந்தச் சுவர் காட்டும் துயரத்துக்குக் காரணமானவர் யார் என்னும் கேள்வியை அரசு விரும்பவில்லை. என்.கே.வி.டி. பணியாளர் ஏறத்தாழ 40 ஆயிரம் பேரின் விவரக் கையேட்டை மெமோரியல் 2016இல் வெளியிட்டது. அதே ஆண்டில் தோம்ஸ்க் நகரைச் சேர்ந்த தெனிஸ் கரகோதின், 1938 ஜனவரியில் சுடப்பட்ட தம் கொள்ளுத்தாத்தாவைக் கொன்றோரின் பெயர்களை மேலிடத்து ஆணையிலிருந்து சுட்டவர் கையெழுத்துவரை ஆவணங்களால் நிறுவியபோது, சுட்டவர்களுள் ஒருவரின் பேத்தி மன்னிப்புக் கோரி அவருக்கு எழுதினார். சமூகம் தனக்குத்தானே செய்துகொள்ளக்கூடிய நேர்மையான உரையாடல் எவ்வாறு இருக்கும் என்பதற்கு அந்தக் கடிதத்தைவிடச் சிறந்த சான்று இல்லை.

அந்த உரையாடலுக்கான இடமே பின்னர் சுருக்கப்பட்டது. 2016 டிசம்பரில் கைதான திமித்ரியேவுக்கு, வளர்ப்பு மகள் தொடர்பான, மனித உரிமை அமைப்புகள் புனையப்பட்டதெனக் கூறும் குற்றச்சாட்டில் இறுதியாக 15 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அதற்கு மறுநாள், 2021 டிசம்பர் 28 அன்று, சர்வதேச மெமோரியலைக் கலைக்குமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சோவியத் ஒன்றியத்தைப் பயங்கரவாத அரசாகச் சித்திரிக்கிறது என்பது அரசுத் தரப்பின் வாதங்களுள் ஒன்று. மறு ஆண்டு அந்த அமைப்புக்கு அமைதிக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பெருந்தொற்றைக் காட்டி நிறுத்தப்பட்ட பெயர் வாசிப்புக்குப் பின்னர் லூபியான்கா சதுக்கத்தில் அனுமதி கிடைக்கவில்லை. மாஸ்கோவின் குலாக் அருங்காட்சியகம் 2024 நவம்பரில் தீப்பாதுகாப்பைக் காரணம் காட்டி மூடப்பட்டது. 2025இல் தாகன்ஸ்காயா மெட்ரோ நிலையத்தில் ஸ்டாலினின் சிற்பம் மீண்டும் வைக்கப்பட்டது.

யெஷோவ் 1940இல் சுடப்பட்டது உளவும் சதியும் செய்தார் என்னும் குற்றச்சாட்டிலேயன்றி, அவர் கையெழுத்திட்ட ஆணையால் இறந்தோருக்காக அன்று. த்ரோய்காக்களில் அமர்ந்து தீர்ப்பெழுதியவர்களுள் எவரும், மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்னும் பெயரில் எந்த ரஷ்ய நீதிமன்றத்திலும் விசாரிக்கப்படவில்லை.