பத்தாயிரம் தொன்னும் பதினாறு படகும்

1912 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 ஆம் நாள் அதிகாலையில் வட அத்திலாந்திக்கில் அமிழ்ந்த ‘ரைற்றானிக்’ கப்பலின் கதையை அறியாதார் அரியர். பனிமலை மோதியதை யாவரும் கூறுவர். அக்கப்பல் சட்டப்படி யாதொரு குறையுமின்றிப் புறப்பட்டது என்பதைக் கூறுவார் சிலரே. அதுபற்றியே ஈண்டுச் சிறிது எழுதக் கருதினேன்.

பிரித்தானியக் கப்பல்களின் பாதுகாப்பு அக்காலத்தில் அந்நாட்டு வர்த்தகச் சபையின் பொறுப்பாய் இருந்தது. ஒரு கப்பலுக்கு எத்தனை உயிர்காப்புப் படகுகள் வேண்டும் என்பதை 1894 இல் அச்சபை அட்டவணையாக வகுத்தது. அக்கணக்கு ஏறும் மக்கட்டொகையைக் கொண்டதன்று. கப்பலின் தொன்னளவைக் கொண்டது. அட்டவணையின் இறுதிப் படி ‘10,000 தொன்னும் அதற்கு மேலும்’ என்பது. அதற்கு 16 படகுகள் தொங்கினாற் போதும். அந்நாளிற் கடலோடிய மிகப் பெரிய கப்பலே ஏறத்தாழ 13,000 தொன்தான். ஆதலால், வகுத்தோரைக் குறைகூறுதல் முறையன்று. குறை பின்னரே நேர்ந்தது. கப்பல்கள் ஆண்டுதோறும் வளர்ந்தன. 1911 இல் ‘ஒலிம்பிக்’ 45,000 தொன்னைத் தாண்டியது. அட்டவணையோ நின்ற இடத்திலேயே நின்றது.

ஏன் நின்றது? சபையின் கடற்றுறை ஆலோசகராய் 1911 வரை இருந்த சேர் அல்பிரட் சாமர்ஸ் பின்னர் விசாரணையிற் காரணம் கூறினார். அத்திலாந்திக்கில் உயிரிழப்பு அருகியிருந்தது; கப்பலின் உட்சுவர்கள் வலிமை பெற்றிருந்தன; கம்பியில்லாத் தந்தி வந்துவிட்டது; படகு மிகுந்தால் மேற்றளத்தில் நெருக்கடி உண்டாகும். இவற்றுள் ஒன்றும் நகைத்துத் தள்ளத்தக்கதன்று. அதனாலேயே தாமதம் தாமதமாகத் தோன்றவில்லை போலும். 1911 இல் ஆலோசனைக் குழுவொன்று இதனை ஆராய்ந்து ஜூலையிற் கருத்துரைத்தது. மறு ஆண்டு ஏப்ரலிலும் விதி மாறவில்லை.

அந்த ஏப்ரல் 2 ஆம் நாள் பெல்பாஸ்ற்றில் வெள்ளோட்டம் முடிந்ததும் அதிகாரி ஓராண்டுக்குச் செல்லுபடியாகும் சான்றிதழை வழங்கினார். 10 ஆம் நாள் சவுதாம்ற்றனில் வேறோர் அதிகாரி இரண்டு படகுகளை இறக்கி ஏற்றச் செய்து பார்த்தார். இருந்த படகுகள் 20. சட்டம் கேட்டதினும் நான்கு மிகுதி! சட்டம் ஏறத்தாழ 960 பேருக்கு இடங் கேட்டது. கப்பலில் 1,178 பேருக்கு இடம் இருந்தது. ஏறியிருந்தோர் ஏறக்குறைய 2,200 பேர். பழைய பாடத்திட்டத்திற்கு விடையெழுதிய மாணவன் சிறப்புச் சித்தி பெற்றாற் போன்றது இது. இத்தனைக்கும் அக்கப்பலிற் படகிறக்கும் தூக்குக் கைகள் இன்னும் பல படகுகளைத் தாங்கத்தக்கனவாகவே அமைக்கப்பட்டிருந்தன.

படகு போதிய அளவு இருந்திருப்பின் அனைவரும் பிழைத்திருப்பர் என்று கூற யான் துணியேன். மோதியபின் கப்பல் மிதந்தது ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரமே. முதலில் இறங்கிய படகுகள் பாதியும் நிரம்பாது சென்றன. கடைசி இரண்டையும் முறையாக இறக்கவே அவகாசமில்லை. ஆயினும், மாண்டோர் சுமார் 1,500 பேர் என்னும்போது, அவருட் சிலருக்கேனும் இடமிருந்திருக்கும் என்பதை யார் மறுப்பர்?

அதன்பின் கம்பனிகள் கட்டளைக்குக் காத்திராது படகுகளை ஏற்றின. கப்பலில் உள்ளோர் அனைவருக்கும் படகில் இடம் வேண்டும் என்னும் சர்வதேச உடன்படிக்கை 1914 ஜனவரியில் இலண்டனிற் கைச்சாத்தாயிற்று. அவ்வாண்டே உலகப் போர் மூண்டமையால் அது முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 1929 இல் மீண்டும் கூடி எழுதினர். அது நடைமுறைக்கு வந்தது 1933 இல்.