பறக்காமலே ஒரு பறவைப் பார்வை

மொட்டை மாடியில் நின்று தெருவைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் அடி உயரத்திலிருந்து பார்த்தால் அதே தெரு எப்படித் தோன்றும்? அவ்வளவு உயரம் போகாமலே அதை வரைய முடியுமா?

முடியும். அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கேயின் படங்களைப் பாருங்கள். 1905-ஆம் ஆண்டு 'நியூயார்க் ஹெரால்டு' நாளிதழில் 'லிட்டில் நெமோ' என்னும் சித்திரக்கதையை அவர் தொடங்கினார். நெமோ என்ற சிறுவன் காணும் கனவுகளே கதை. 1907-இல் ஒரு கனவில் அவன் பூதம்போல் வளர்ந்து, நியூயார்க்கின் வானளாவிய கட்டடங்களிடையே நடக்கிறான். 1910-இல் தொடங்கும் பயணத்தில் ஆகாயக் கப்பலில் ஏறி வட அமெரிக்க நகரங்களின் மேல் பறக்கிறான்.

அந்தக் காலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ரைட் சகோதரர்கள் விமானத்தில் பறந்ததே 1903 டிசம்பரில்தான். வில்பர் ரைட் நியூயார்க்கில் பறந்து காட்டியது 1909-இல். பலூனிலிருந்து பாஸ்டன் நகரை 1860-இலேயே புகைப்படம் எடுத்திருந்தார்கள். என்றாலும் சாதாரண மக்களுக்கு அது எட்டாத காட்சி. கனவு எப்படியும் இருக்கலாம். ஆனால் நகரம் தவறாக இருந்தால், அங்கேயே வாழும் வாசகர்கள் நம்புவார்களா?

இக்கலைக்கு முன்னோடிகள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க ஊர்களின் 'பறவைப் பார்வை'ப் படங்கள் நிறைய விற்பனையாயின. அவற்றை வரைந்தவர்கள் தரையில்தான் நடந்தார்கள்! தெருத்தெருவாகச் சென்று கட்டடங்களை வரைந்துகொண்டார்கள். பிறகு ஊரின் தெருப்படத்தைச் சாய்வான கோணத்தில் வரைந்து, கட்டடங்களை அதனதன் இடத்தில் நிறுத்தினார்கள்.

இதற்கு உதவுவது 'பெர்ஸ்பெக்டிவ்' என்னும் கணிதம். மெக்கே இளமையில் ஜான் குடிசன் என்னும் ஆசிரியரிடம் இதைக் கற்றார். இரண்டு விதிகளை நாமும் தெரிந்துகொள்வோம்.

ஒன்று, தொடுவானம் எப்போதும் நம் கண் மட்டத்திலேயே தெரியும். நாம் உயர உயர அதுவும் உயரும். நம் கண்ணைவிட உயரமான கட்டடம் மட்டுமே தொடுவானத்திற்கு மேலே தலை நீட்டும்.

இரண்டு, விலகிச் செல்லும் இணைகோடுகள் ஒரு புள்ளியில் கூடுவதுபோல் தோன்றும். ரயில் தண்டவாளத்தில் இதைக் கண்டிருப்பீர்கள். குனிந்து கீழே பார்க்கும்போது கட்டடத்தின் செங்குத்துக் கோடுகளும் இப்படியே கீழ்நோக்கி நெருங்கும். கூரை பெரிதாகவும் அடி சிறிதாகவும் தெரியும்.

செய்து பாருங்கள். நான்கைந்து தீப்பெட்டிகளைத் தரையில் நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முதலில் தரையோடு தலை வைத்துப் பாருங்கள். பிறகு அருகில் குனிந்து, மேலிருந்து பாருங்கள். மேல்பக்கம் பெரிதாகி, அடிப்பக்கம் ஒடுங்குகிறதல்லவா?

இனி உங்கள் பள்ளியைச் சுற்றி நடந்து, நீள அகலங்களைக் காலடியால் அளந்து, மேலிருந்து தெரியும் தோற்றத்தை வரையுங்கள். பென்சிலும் அடிக்கோலும் போதும். சரியாக வந்ததா என்பதைப் பிறகு ஆசிரியருடன் மாடியேறிச் சரிபாருங்கள்.