வேட்புமனுவும் நம்மவர் கடமையும்

தேர்தல் வருகிறதென்றால், பிழைப்பு நாடி வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவருள் பலர், "இஃது இவ்வூராருக்கு உரிய காரியம், நமக்கென்ன?" என்று ஒதுங்கிவிடுகின்றனர். வேறு சிலர், நம் குறைகளை எடுத்துரைக்க நம் தெருவிலிருந்தே ஒருவரை நிறுத்துவோம் என்று கூடிப் பேசுகின்றனர். ஆயினும் மனுச் செய்யும் முறை அறியாமையால் அப்பேச்சு பேச்சாகவே நின்றுவிடுகின்றது. எனவே, கட்சிச் சார்பின்றிச் சட்டமன்றத்திற்கோ மக்களவைக்கோ நிற்க விரும்புவோர் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே தொகுத்துரைக்க விழைகின்றோம்.

அமெரிக்க நாட்டில் பல மாநிலங்களில், அச்சிட்ட சீட்டில் இல்லாத பெயரையும் வாக்காளர் தம் கையால் எழுதி வாக்களிக்கலாம். 1954ஆம் ஆண்டில் ஸ்ட்ராம் தர்மாண்டு தென் கரோலினாவிலும், 2010ஆம் ஆண்டில் லிசா முர்க்கௌஸ்கி அம்மையார் அலாஸ்காவிலும் இவ்வாறே செனட் சபைக்கு வெற்றி பெற்றனர். நம் நாட்டில் அவ்வழி இல்லை. மனு ஏற்கப்பட்டவர் பெயருக்கே வாக்களிக்க இயலும். ஆகவே மனுவில் நேரும் பிழை, தேர்தலுக்கு முன்பே நேரும் தோல்வியாகும்.

வேட்பாளர் இந்தியக் குடிமகனாகவும், 25 வயது நிறைந்தவராகவும் இருத்தல் வேண்டும். அவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இருத்தலும் இன்றியமையாதது. மக்களவைக்கு நிற்போர் பெயர் நாட்டின் ஏதேனும் ஒரு தொகுதியில் இருந்தால் பெரும்பாலும் போதும். சட்டமன்றத்திற்கோ, அந்த மாநிலத்துத் தொகுதி ஒன்றிலேயே இருத்தல் வேண்டும். திருநெல்வேலிப் பட்டியலில் பெயர் உள்ளவர் மும்பையிலிருந்து மக்களவைக்கு நிற்கலாம். மகாராஷ்டிரச் சட்டமன்றத்திற்கு நிற்க இயலாது.

தனித்தொகுதிகளிலும் இவ்வேறுபாடு உண்டு. மக்களவைத் தனித்தொகுதியில், எம்மாநிலத்துத் தாழ்த்தப்பட்டோர் பட்டியலைச் சேர்ந்தவரும் நிற்கலாம். சட்டமன்றத் தனித்தொகுதிக்கு அந்த மாநிலத்துப் பட்டியலைச் சேர்ந்தவராக இருத்தல் வேண்டும்.

அடுத்தது முன்மொழிவோர். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் போதும். சுயேச்சைக்குப் பதின்மர் வேண்டும். அப்பதின்மரும் அத்தொகுதியின் வாக்காளராகவே இருத்தல் வேண்டும். இவ்விதி 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. அவ்வாண்டில்தான் நம் மொடக்குறிச்சித் தொகுதியில் 1033 பேர் போட்டியிட்டு நாட்டையே வியக்கச் செய்தனர்.

காப்புத்தொகை மக்களவைக்கு ரூ. 25,000, சட்டமன்றத்திற்கு ரூ. 10,000. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி. வெற்றி பெறாதவர், செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேற்படப் பெறாவிடில் இத்தொகையை இழப்பார்.

சொத்து, கடன், வழக்கு, கல்வி ஆகியவற்றை 26ஆம் எண் படிவத்தில் பிரமாணப் பத்திரமாக அளித்தல் வேண்டும். இதில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடலாகாது. இல்லாதவற்றிற்கு "இல்லை" என்றே எழுத வேண்டும். நினைவூட்டிய பின்னும் வெறுமையாக விடப்பட்டால் மனுவைத் தள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அரசியல் சட்டம் விதித்த உறுதிமொழியையும் பரிசீலனை நாளுக்கு முன்னரே எடுத்துவிட வேண்டும். வேறு தொகுதியில் பெயர் உள்ளவர், அப்பட்டியற் பகுதியின் சான்றிட்ட நகலைத் தவறாது தருதல் வேண்டும்.

மனுவை முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையே வேட்பாளரோ முன்மொழிந்தவருள் ஒருவரோ நேரில் அளித்தல் வேண்டும். கடைசி நாளில் 3 மணிக்குப் பின் ஓடிவருவது, வண்டி புறப்பட்ட பின் பிளாட்பாரம் சேர்வதை ஒக்கும். முந்திச் சென்றால் குறைகளைத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். அற்பக் குறைகளுக்காக மனுவைத் தள்ளலாகாது என்றும் சட்டம் கூறுகின்றது.

எம்மைப் போன்ற இரயில்வே ஊழியர் பதவியில் இருந்துகொண்டு வேட்பாளராதல் இயலாது. வாக்களிக்கும் உரிமையோ எமக்கும் உண்டு. அதற்கும் பட்டியலில் பெயர் வேண்டுமன்றோ?

இங்கேதான் நம்மவர் நிலை வருந்தத்தக்கதாக உள்ளது. இருபது ஆண்டுகளாக இங்கே வாழ்ந்தும், பெயரைச் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே விட்டு வைத்திருப்போர் பலர். சட்டப்படி ஒருவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் பெயர் பதிதல் வேண்டும். ஊரில் சொந்த வீடு இருப்பது மட்டும் போதாது. இரண்டு இடங்களில் பதிதலும் கூடாது. நூறு தமிழ்க் குடும்பங்கள் வாழும் தெருவிலும், பெயர் பதிந்தோர் பதின்மர் இல்லையெனில் நம்முள் ஒருவரை நாமே முன்மொழிய வழியில்லை.

மும்பை சயான் கோலிவாடாத் தொகுதியிலிருந்து 2014ஆம் ஆண்டில் தமிழரான ஆர். தமிழ்ச்செல்வன் சட்டமன்றம் சென்றார். கட்சி வேட்பாளரே எனினும், வெளி மாநிலத்தில் தமிழர் வெல்லுதல் இயலும் என்பதற்கு அவர் சான்றாவார்.

மனுத்தாக்கலின் கடைசி நாள் கடந்தபின் பட்டியலில் புதுப்பெயர் சேர்க்கப்படுவதில்லை. ஆதலின் அன்பர்கள் தேர்தல் அறிவிப்பை எதிர்பார்த்திராமல் இப்பொழுதே பட்டியலைப் பார்த்தல் வேண்டும். பெயர் இல்லாதோர் 6ஆம் எண் படிவத்தையும், குடிமாறி வந்தோர் 8ஆம் எண் படிவத்தையும் நிரப்பி அளிப்பாராக. பெண்டிர் பெயரும், 18 வயது நிறைந்த பிள்ளைகள் பெயரும் விடுபடாதிருக்கட்டும்.