இதயத் துடிப்பு நின்றால் முதல் சில நிமிடங்களே முக்கியம்

இதயத் தசைக்குச் செல்லும் ரத்தம் தடைபடுவது மாரடைப்பு. இதயம் இயங்குவதே திடீரென நின்றுபோவது இதயத் துடிப்பு நிறுத்தம். பின்னதில், சிபிஆர் எனப்படும் இதய இயக்க மீட்பு முதலுதவி கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. எனவே, ஆம்புலன்ஸ் வரும்வரை அருகில் இருப்பவரே உதவ வேண்டும்.

பெரியவர் ஒருவர் நினைவிழந்து, இயல்பாக மூச்சு விடாவிட்டால், 108 அல்லது 112-க்குத் தகவல் அளித்து, உடனே அவரது மார்பின் நடுவில் இரு கைகளாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு இடைவிடாது அழுத்த வேண்டும்.

இதனைப் பொதுமக்களுக்குக் கற்பிக்கும் நாடு தழுவிய விழிப்புணர்வு நிகழ்ச்சியை அப்போதைய மத்திய சுகாதாரத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா 2023 டிசம்பர் 6 அன்று தொடங்கி வைத்தார். இதற்கு மருத்துவப் படிப்பு அவசியமில்லை. முறையான பயிற்சியே போதுமானது.