உப்புக்கரிக்கும் முத்தம்

கல்கத்தா மெடிக்கல் காலேஜைக் கடக்கும்போதெல்லாம் பேராசிரியர் சம்புநாத் தே என் நினைவுக்கு வருவார். காலராவில் குடல் நீரை வடிப்பது கிருமியின் நச்சே என்று 1959-இல் நிறுவியவர். அந்த நச்சு, உயிரணுவின் உப்பு வாசலை மூடவிடாமல் திறந்து வைக்கிறது. அதே வாசல் பிறவியிலேயே பழுதானால் வருவது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலில் சளி கெட்டிப்படும். வியர்வை மிகவும் கரிக்கும். 1989-இல் இதன் மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. 2019-இல் அமெரிக்கா அனுமதித்த மும்மருந்து மாத்திரை, பலருக்கு அந்த வாசலையே இயக்குகிறது. விலையோ மிக அதிகம்.

பெற்றோர் இருவரும் பழுதான மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு அபாயம். சொந்தத்தில் பெண் எடுக்கும் நம் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல். முத்தமிடும்போது குழந்தை உப்புக்கரிக்கிறதா? இருமல் ஓயவில்லையா? எடை ஏறவில்லையா? வியர்வைச் சோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.