துடுப்பும் தொண்டும்

பந்திங் இளைஞர்களே, துடுப்புப் போட ஆசையா? இளைஞர், விளையாட்டுத் துறை அமைச்சின் 'அனுகெரா ரெமாஜா பெர்டானா' திட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1956-இல் பிரிட்டனில் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதின் மலேசிய வடிவம் இது. 14 வயதிலேயே சேரலாம். தங்க விருதுக்கு நான்கு பகல், மூன்று இரவு வெளிப்பயணம். நடந்தும் போகலாம், கானோவிலும் போகலாம். கூடாரம், சமையல் எல்லாம் உங்கள் பாடு. அம்மா நாசி லெமாக் கட்டிக்கொண்டு பின்னால் வர முடியாது!

தொண்டும் கட்டாயம். அதற்கு நம் பக்கத்திலேயே கோலலங்காட் வடக்குச் சதுப்புக் காடு இருக்கிறது. 2021-இல் காப்புக்காட்டுப் பட்டியலிலிருந்து அதன் ஒரு பகுதியை நீக்கிய மாநில அரசு, எதிர்ப்பு வலுத்ததும் முடிவை மாற்றிக்கொண்டது. அந்தக் காட்டின் மக்கிய தழை மண் காய்ந்தால் அடியிலேயே தீப்பிடித்து நாள்கணக்கில் புகையும். அதைத் தடுக்கக் கால்வாயை அடைத்து நீரைத் தேக்குவதும் கன்று நடுவதும்தான் அங்கே வேலை.